கதிர் விட்ட கட்டி

ஆறு மாதமும் சந்தனமாரி ஒரு வேளை தவறவிடவில்லை. பதினாலு நாள் மருந்து, பதினாலு நாள் ஓய்வு. கேப்சூலை ஊசியால் குத்தி, எண்ணெய்போல வருவதை வெண்ணெயில் பிதுக்கி, நாலு வயது மகள் வேல்விழிக்கு ஊட்டினாள். பிள்ளைக்கு உதடு வெடித்தது, கன்னம் உரிந்தது. சாரல் விழுந்து அச்சன்புதூரே குற்றாலத்துக்குக் கிளம்பியபோதும், உரிந்த தோலுக்கு ஆகாதென்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

வயிற்றில் இருந்த புற்றுக்கட்டியை மதுரையில் அறுத்தபோது, பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய துண்டை மட்டும் எடுக்க முடியவில்லை. அந்த மிச்சத்துக்குத்தான் இந்த மருந்து.

கடைசி ஸ்கேனிலும் துண்டு அப்படியே இருந்தது. நெல்லிக்காய் அளவு.

"மருந்து கேக்கலட்டி," என்றாள் நாத்தனார் சுகந்தி. "வெண்ணெய் தின்னு கட்டி கரையுமான்னு நான் அன்னைக்கே கேட்டேன்லா."

துண்டில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை சந்தனமாரி பத்து நாள் நடவுக்குப் போனாள். கரையேறிய பிறகும் இடுப்பு நிமிரவில்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் அஃப்ரின் கட்டியின் செல்களைப் பெரிதாக்கிய இரண்டு படம் காட்டினார். பழைய படத்தில் கருநீலப் புள்ளிகள், நெருக்கி விதைத்த நாற்றங்கால்போல. புதியதில் அவை விலகி, பெருத்து, இழை விட்டிருந்தன.

"அக்கா, கட்டி கரையல. நரம்பா முதிர்ந்துட்டு. பெருகினது போதும்னு தடுக்கிற மரபணு எல்லா செல்லுலயும் இருக்கு. பிஞ்சு செல் நரம்பா மாறும்போது அது முழிச்சுக்கிடணும். இவளுக்குத் தூங்கிட்டு. மருந்து எழுப்பிவிட்டுட்டு."

சந்தனமாரி படத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. "யூரியா கூடுன வயலு பக்கத்துலயே புதுசு புதுசா முளைச்சு, தூராவே வெடிச்சுக்கிட்டு கெடக்கும், டாக்டரம்மா. தூரு நின்னாத்தான் கதிரு. இது கதிரு விட்டுட்டு, அப்படித்தானே?"

அஃப்ரின் சிரித்துவிட்டார். "அப்படியேதான். இதைப் படிக்க எனக்குப் பத்து வருசம் ஆச்சுக்கா!"

"இனிமே பெருகாதா?"

"இது பெருகாது. ஆனாலும் அப்பப்போ கூட்டிட்டு வரணும்."

"அருவில குளிக்கலாமா?"

"தாராளமா."

மறுநாள் ஐந்தருவியில் நல்ல தண்ணீர். கூட வந்த சுகந்திக்கு இன்னும் ஆறவில்லை. "என்ன இருந்தாலும் கட்டி உள்ளதானே கெடக்கு?"

"கெடக்கட்டும் மதினி. அது இப்போ எம்பிள்ளை நரம்பு. எம்பிள்ளை நரம்பு எம்பிள்ளைக்குள்ள கெடந்தா உங்களுக்கு எங்க வலிக்கு?"

சுகந்தி வாயைத் திறப்பதற்குள் வேல்விழி அவள் சேலையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தாள். "வாங்க அத்தை, பயந்தாங்கொள்ளி!"

சந்தனமாரியும் உள்ளே போய், முதுகில் தண்ணீர் அறைய அறைய நிமிர்ந்து நின்றாள்.