பத்துக்கு எத்தனை

"நான் இப்ப கோபமா இருக்கேன்" என்று அறிவித்துவிட்டுக் கோபப்படுகிற மனைவியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? அவள் பதினாலு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தால், இது எரிச்சல், உங்கள் மேல் இல்லை என்பாள். அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது என்பாள். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தை அறிவிப்பார்களே, அந்த மாதிரி.

வேறு வழியில்லை. லாரி இடித்து, தலையில் அடிபட்டு, பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்த புருஷன். எழுந்தான், நடந்தான், பழைய போன் நம்பரையெல்லாம் டக்கென்று சொன்னான். எதிரே இருப்பவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடாமல் போய்விட்டது. பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஆறு முகங்களின் போட்டோ காட்டுவார். சிரிப்பைச் சரியாகச் சொல்வான். பயத்தைக் கோபம் என்பான், அழுகையை அருவருப்பு என்பான். இனிமேல் வாயைத் திறந்துதான் சொல்லவேண்டும் என்று டாக்டரம்மா அவளுக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

அவன் எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குத் திரும்பிய அன்றே வம்பு. முழங்கால் மடங்காத ஒரு பெரியவர் வலியில் பல்லைக் கடிக்க, சிரிக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டான். பெரியவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. அதோடு முகம் பார்ப்பதை விட்டான். தொடையில் ஒரு கையை வைத்துக்கொள்வான், சதை இறுகினால் நிறுத்திவிட்டு, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பான். இப்போது அவன்தான் வேண்டும் என்று வரிசையில் காத்திருக்கிறார்கள், அந்தப் பெரியவர் உட்பட. ஊருக்கெல்லாம் நல்லதுதான். வீட்டுக்கு?

அவளுக்கு அலுத்துவிட்டது. முன்பெல்லாம், மருந்துக்கடை கவுண்டரில் நாளெல்லாம் நின்றுவிட்டு அவள் செருப்பைக் கழற்றும்போதே, என்னாச்சு என்று கேட்டவன் அவன். அந்த ஒரு கேள்விக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். அக்கா போன் பண்ணி, ஒரு மாசம் வந்து இருந்துவிட்டுப் போ என்றாள். அந்தச் சனிக்கிழமை அவள் பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பஸ் ஏழு மணிக்கு. அதுவரை ஒன்றும் சொல்வதில்லை. அவனாகக் கண்டுபிடித்தால் இருப்பது, இல்லாவிட்டால் கிளம்புவது. போனால் ஒரு மாதத்தில் திரும்புவாளா என்று அவளுக்கே தெரியாது. முடியாதவனிடம் போய் இப்படியா பரீட்சை வைப்பாள் என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பதினாலு மாதம் அறிவித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஆறு மணிக்கு வந்தான். மத்தியானமெல்லாம் அழுத முகத்தை அவள் மறைக்கவில்லை. அவன் பாடம் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தான். கண் சிவந்திருக்கிறது. மூக்கும் சிவந்திருக்கிறது.

சளியா, ஆவி பிடிக்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றாள். அப்படியானால் சரி என்று டீ போடப் போய்விட்டான்.

அவ்வளவுதான். அவள் உள்ளே போய்ப் பையை வெளியே இழுத்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் டீயோடு வந்து, அவள் முதுகுப்பக்கம் நின்று, இந்தா என்று தோளைத் தொட்டான். தொட்ட கை அங்கேயே நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையையும் வைத்தான். கட்டைவிரல் கழுத்தோரமாக மெல்ல ஏறி இறங்கியது.

"பத்துக்கு எத்தனை?"

ஆஸ்பத்திரியில் கேட்கிற அதே குரல். அவளுக்கு அவனை நினைக்கப் பாவமாக இருந்தது.

"ரெண்டு" என்றாள்.

"பொய்."

அவன் கட்டைவிரல் அதே இடத்தில் நின்று அழுத்தியது.

"இது பத்து. அந்தப் பெரியவர் தொடைகூட இப்படி இறுகினதில்ல. என்னாலதானே?"

அவள் சொல்லாத ஒன்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பதினாலு மாதத்தில் இதுதான் முதல் தடவை. அடக்கியதெல்லாம் உடைந்து அவள் குலுங்கினாள். அவன் கையை எடுக்கவில்லை.

"இது அழுகைதானே?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன்."

"சரி, சொல்லாத."

டீ ஆறிப்போனது. ஏழு மணி பஸ் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். வெகுநேரம் கழித்து, அவள் தோள் லேசாகத் தளர்ந்ததும், அவள் சொல்லாமலே அவனாகவே "ஒன்பது" என்றான். சரியாகத்தான் சொன்னான்.