மூச்சு எழுதாத பக்கம்

பித்தளை வாத்தியக் குழுவின் டியூபாக்காரர், கட்டிப்பிடித்து ஊத வேண்டிய அந்தப் பெரிய குழலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்குத் தொடங்கிய ஒரே சுரத்தைப் பதினேழு மாதம் மூச்சு வாங்காமல் ஊதினார். தப்பு அவருடையது அல்ல, அக்கா புருஷனுடையது. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் வயலின் வாசித்தவர். வில்லுக்கு நுரையீரல் தேவையில்லை, ஆளுக்குத் தேவை என்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை. எண்பது பேர் வாசிக்கும் ஓபரா என்ற பாட்டு நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பதினோரு குழல்களுக்கு மாற்றி எழுத உட்கார்ந்தவர், அடியில் இழுத்துக்கொண்டே இருக்கும் சுரத்தை மச்சினன் தலையில் கட்டினார். மூச்சுக்குறி ஒன்றுகூடப் போடவில்லை. சுரத்தை நீட்டும் கோடு காகிதத்தை விட்டே வெளியே ஓடியது. அடுத்த பக்கம் வெள்ளை. கதாநாயகி சாக வேண்டிய இடம் அது. அவள் குரலை டிரம்பெட்டுக்குக் கொடுத்தால் அணிவகுப்பில் செத்தவள் மாதிரி இருந்தது, டிராம்போனுக்குக் கொடுத்தால் ஜலதோஷத்தில் செத்தவள் மாதிரி. மச்சினனோ காகிதத்தில் இருப்பதை மட்டும் செய்கிற பிறவி. நிறுத்து என்று எழுதியிருக்கவில்லை, நிறுத்தவில்லை.

தெரு பழகிக்கொண்டது. பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர் தன் சுருதிக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, டியூபாவின் சுரத்தைக் கேட்டே கூட்டினார். இத்தனை காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தப் பதினேழு மாதமும் தெருவில் ஒருவருக்கும் கொட்டாவி முழுசாக வரவில்லை, பாதியில் யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி நின்றது என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்த லட்சணத்தில் டியூபாக்காரருக்குப் பெண்ணும் அமைந்தது. தையல்காரி. தன் வீட்டில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், இவர் சுருதியாவது மாறமாட்டார் என்று அவள் சொன்னதாகக் கேள்வி. ஆனால் மாப்பிள்ளை வாய்விட்டுச் சம்மதம் சொன்னால்தான் வியாழக்கிழமை திருமணத்தைப் பதிவு செய்வேன் என்றுவிட்டார் அதிகாரி. வயலின்காரரின் மனைவி புருஷன் எழுதும் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"என் தம்பி வாயை அடைச்சது நீங்க. வியாழக்கிழமைக்குள்ள திறந்து விடுங்க. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன், நீங்க அந்தப் பாட்டுக்காரியோட குடும்பம் நடத்துங்க."

"எண்பது பேர் சேர்ந்து சாகடிச்சவளைப் பதினோரு பேரை வச்சு எப்படிம்மா சாகடிக்கிறது?"

"செத்தா மூச்சு நிக்கும். இதை எழுத ஒரு படிப்பா?"

வியாழக்கிழமை காலை, பதிவு அலுவலக பெஞ்சில், சுவரெல்லாம் அதிர மச்சினன் பக்கத்தில் ஊதிக்கொண்டிருக்க, வயலின்காரர் மடியில் வைத்து அடுத்த பக்கத்தை எழுதினார். கதாநாயகியின் குரலை யாருக்குமே கொடுக்கவில்லை. அவள் சாகிற இடத்தில் பதினோரு பேரும் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான். தாளை மச்சினன் கண்முன் நீட்டினார்.

டியூபாக்காரர் குழலை இறக்கிப் பதினேழு மாத மூச்சையும் ஒரேயடியாக வாங்கினார். திரைச்சீலைகள் கம்பியோடு வந்தன, அதிகாரியின் பொய்முடி வந்தது, மூன்று தெரு தள்ளிக் காய்ந்த துணிகள் ஜன்னலில் வந்து அப்பின. பிறகு தையல்காரியைப் பார்த்து, அதே சுரத்தில், "சம்மதம்" என்றார்.

அந்தச் சொல் எங்கே முடிய வேண்டும் என்று வயலின்காரர் எழுதியிருக்கவில்லை. அக்கா அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சம்மதம் சம்மதம்தான் என்று அதிகாரி முடியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். கடைசி 'ம்' இன்னும் முடியவில்லை. தையல்காரி அதைக் கேட்டபடியே மிஷினை மிதிக்கிறாள். தெருவில் கொட்டாவி இப்போதும் பாதிதான் வருகிறது. பாதி போதும் என்று ஆகிவிட்டது.