இரண்டே சிவப்பு

நடக்கிறவர்களுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் நடைப்பந்தயம் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. நடுவர்கள் ஓரமாக நின்று காலையே முறைப்பார்கள். தப்பு என்று பட்டால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். மூன்று பேர் எழுதிவிட்டால் தலைமை நடுவர் சிவப்புத் தட்டை நீட்டுவார்; நடையைக் கட்ட வேண்டியதுதான், வீட்டுக்கு.

இடுப்பை வெட்டி வெட்டி நடப்பதால் அவளுக்கு வாத்து என்று பெயர். அந்த வாத்து பன்னிரண்டு வருஷத்தில் பதினொரு நாடுகளில் நடந்துவிட்டது. இப்போது வயது முப்பத்தாறு. இன்றைய இருபது கிலோமீட்டரை ஒரு மணி முப்பத்துநான்கு நிமிடத்துக்குள் முடித்தால் உலகப் போட்டிக்கு இன்னொரு முறை போகலாம். இல்லையென்றால் இதுவே கடைசி.

பதினெட்டாவது கிலோமீட்டரில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். அவள் எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்பு.

தண்ணீர் மேசையில் நின்ற அக்காதான் அவளுக்குப் பயிற்சியாளர். "ரெண்டுதான்டி. நேரம் இருக்கு. பலகையப் பாக்காத, ரோட்டப் பாரு," என்றாள்.

அக்காவுக்கென்ன, நின்ற இடத்தில் நின்றுகொண்டு சொல்லிவிடலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் போட்டியில், தலைமை நடுவர் சிவப்புத் தட்டை நீட்டியதைக் கவனிக்காமல் வாத்து அரைச் சுற்று நடந்துவிட்டாள். ஓர் அதிகாரி பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தினார். கூட்டமே சிரித்தது. மானம் கப்பலேறியது. இனி ஒரு தடவை தட்டு நீண்டால் துரத்த வைக்கக் கூடாது, நாமே நின்று நெஞ்சில் குத்திய எண்ணைக் கழற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

கடைசிச் சுற்று. திருப்பத்தில் தலைமை நடுவர் பாதைக்குள் ஓரடி எடுத்து வைத்தார். கையில் சிவப்புத் தட்டு. அதை அவள் பக்கமாக நீட்டினார்.

அவள் நின்றாள். ஊக்குகளைக் கழற்றத் தொடங்கினாள். முதல் ஊக்கு வந்துவிட்டது. இரண்டாவது கட்டைவிரலில் குத்தியது.

"உங்களுக்கில்லம்மா," என்றார் நடுவர், தாழ்ந்த குரலில். "பின்னால வர்றவங்களுக்கு. நீங்க நடங்க."

தோளுக்குப் பின்னால் ஒருத்தி தலையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். வாத்து நடந்தாள். எண் ஒரு பக்கம் தொங்கி வயிற்றில் அடித்தது. ஓடு, ஓடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. ஓடினால் மூன்றாவது சிவப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டியை மடக்காமல், கோடு வரைக்கும் நடந்தாள்.

அக்கா கடிகாரத்தை மூடிப் பிடித்திருந்தாள்.

"எவ்வளவுக்கா?"

"மூணு செகண்டு."

"உள்ளயா, வெளியயா?"

அக்கா கையைத் திறந்து கடிகாரத்தைக் காட்டினாள்: ஒரு மணி முப்பத்துமூன்று நிமிடம் ஐம்பத்தேழு. குனிந்து, தொங்கிய எண்ணை எடுத்து மறுபடி நெஞ்சில் குத்த ஆரம்பித்தாள். அவள் தோளுக்கு மேலே பலகை தெரிந்தது. வாத்தின் எண்ணுக்கு நேரே இன்னமும் இரண்டுதான்.