மூன்றாவது கையெழுத்து

எங்கள் அச்சகத்தில் மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் மெஷினுக்குப் போகாது. வரைந்தவர் ஒன்று, முதலாளி ஒன்று, கடைசியாகப் பிழை பார்க்கிற நான் ஒன்று. முதலாளியின் கையெழுத்து குதிரைக் கொம்பு. அவர் சாப்பிடும்போது வாங்கியிருக்கிறேன். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும் வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரம் என் மேஜைக்கு வந்தது சட்டக் கல்லூரிகளுக்கான ஒரு சுவர்ப்படம். கருக்கலைப்புக்கு எந்த நாட்டில் என்ன சட்டம் என்று உலக வரைபடத்தில் நிறம் நிறமாகக் காட்டியிருந்தார்கள். பெண் கேட்டாலே போதும் என்றால் பச்சை. தாயின் உயிரைக் காக்க மட்டும் என்றால் இளம்பச்சை. எதற்கும் கூடாது என்றால் சிவப்பு. யார் எந்த வருஷம் தடுத்தார்கள், யார் தளர்த்தினார்கள், தளர்த்தியதை யார் மறுபடி இறுக்கினார்கள் என்று கீழே ஒரு பட்டியல். எங்கள் நாடு இளம்பச்சை. கண்ணுக்குக் குளுமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை என் தங்கச்சிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஐந்தாம் மாதம். ஆறு வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.

"பிள்ளை பிழைக்காதும்மா. ஆனா இதயம் இன்னும் துடிக்குது. அது நிக்கிற வரைக்கும் நான் கை வெச்சா ஜெயில்."

"அம்மா உயிரைக் காப்பாத்தலாம்னு சட்டத்துல இருக்கே?"

"உயிருக்கு ஆபத்துன்னு மூணு டாக்டர் கையெழுத்துப் போடணும். இப்போ காய்ச்சல் நூறுதான் இருக்கு."

"எத்தனை வந்தா ஆபத்து?"

சட்டத்தில் எண் எதுவும் கிடையாதாம். ஆஸ்பத்திரி வக்கீல் பார்த்துச் சொல்வாராம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. நான் என்ன வேண்டிக்கொள்வது? காய்ச்சல் இறங்கட்டும் என்றா, ஏறட்டும் என்றா? கூடப் பிறந்தவளைக் கொண்டுவந்து இந்தக் கேள்வியில் நிறுத்துகிற சட்டத்தை எழுதியவன் எவனும் அந்தக் கட்டிலில் படுத்திருக்க மாட்டான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மறுநாள் மதியம் காய்ச்சல் நூற்றிரண்டு. தங்கச்சி உடம்பு தூக்கிப்போட்டது.

"அது பிழைக்காதுன்னு தெரியும்க்கா. அழுது முடிச்சிட்டேன். நானாவது பிழைக்கணும். எடுக்கச் சொல்லுக்கா."

வக்கீல் ஒரு வழியாகத் தலையாட்டினார். இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது, பெரிய டாக்டர், லீவு. போனை எடுக்கவில்லை.

"நாளைக்கு வந்துடுவார் மேடம்," என்றார் ஆபீஸ் குமாஸ்தா. "ஒரு நாள்தானே? ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

அவரை அறையாமல் விட்டது இன்றுவரை எனக்கு வருத்தம். நர்ஸ்தான் அந்தப் படிவத்தையும் பெரிய டாக்டரின் முகவரியையும் என் கையில் வைத்து அழுத்தினாள். கையெழுத்துக்கு அலைவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் இல்லை, சலூனில் இருக்கிறார் என்றார்கள். போனேன். முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கு நேர்ல வந்து பார்த்துட்டுப் போடறேனே," என்றார்.

"பார்க்கறதுக்கு நாளைக்கு அவ இருக்கணும் டாக்டர்."

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். "போட்டுக் குடுத்துடுங்க சார். மீதி முகம் அப்புறம்," என்றார்.

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டார். கையெழுத்துப் போட்டார். படிவத்தில் ஒரு சொட்டு நுரை விழுந்தது.

நான் திரும்பியபோது தங்கச்சிக்கு நினைவு இல்லை. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மாலையில் டாக்டர் வெளியே வந்தார்.

"உயிரைக் காப்பாத்திட்டோம்மா. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு."

"நேத்தே செஞ்சிருந்தா?"

அவர் தரையைப் பார்த்தார். "இருந்திருக்கும்."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சுவர்ப்படம் இரண்டு கையெழுத்தோடு என் மேஜையில் கிடந்தது. எங்கள் நாடு அதே இளம்பச்சை. பக்கத்தில் விளக்கம்: தாயின் உயிரைக் காக்க அனுமதி உண்டு.

"ஏம்மா, மெஷின் காத்துக்கிட்டிருக்கு," என்றார் முதலாளி.

"இது தப்பு சார்."

"சட்டப் புத்தகத்துல அப்படித்தானேம்மா இருக்கு?"

"புத்தகத்துல இருக்கு. ஆஸ்பத்திரியில இல்லை."

அவருக்கு விஷயம் தெரியும். தன் பேனாவையே எடுத்து நீட்டினார். "வருத்தம் புரியுதும்மா. ஆனா கல்லூரிக்காரங்க இன்னைக்கே கேட்கறாங்க."

பேனாவை வாங்கினேன். மூடி, அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினேன்.

"மூணாவது கையெழுத்து இன்னைக்கு லீவு சார். நாளைக்கு வரும். ஒரு நாள்தானே? ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"