செல்லத்தின் எடைக்கு எடை

பெட்ரோல் விலை இறங்கிய 1934ஆம் வருடம், ஜொகூர் பாருவில் வெள்ளையம்மாவின் ஆறு வயது மகள் செல்லத்தைத் தூக்க நான்கு ஆண்கள் தேவைப்பட்டார்கள். பிள்ளை ஒன்றும் பருத்துவிடவில்லை. கையும் காலும் அதே ஈர்க்குச்சிதான். முந்திய வருடம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, தேறி எழுந்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வெள்ளையம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அம்மனும் தேற்றிவிட்டாள், கொஞ்சம் தாராளமாகவே.

சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகிற மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில் அவளுடைய ஆப்பக்கடை இருந்தது. இன்ஜின் தட்டாமல் ஓட ஈயம் கலந்த புதுப் பெட்ரோல் அப்போதுதான் வந்திருந்தது. அதன் புகை மேலே போகச் சோம்பல்பட்டு, முழங்கால் உயரத்தில் நின்று யோசித்துவிட்டு, சாம்பல் நிறத் தூசியாகப் படிந்துவிடும். தூசி இனித்தது. தெருப்பிள்ளைகள் ஜன்னல் கட்டையை நக்கினார்கள். கடைவாசலிலேயே கிடந்த செல்லத்துக்குக் கூடுதல் பங்கு. எடை ஏற ஏற அவள் வார்த்தைகளை மறந்தாள். முதலில் பூனையின் பெயர் போனது, கடைசியில் ‘அம்மா’வும் போனது. நேர்த்திக்கடன் செலுத்தாததால்தான் பேச்சை அம்மன் பிடித்து வைத்திருக்கிறாள் என்று வெள்ளையம்மா முடிவுகட்டினாள். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பக் கேட்டால் போதும் அவளுக்கு.

கோயிலில் தராசு கட்டி, ஒரு தட்டில் செல்லத்தையும் மறுதட்டில் வெல்லத்தையும் வைத்தார்கள். பிள்ளையின் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. ஊரிலிருந்த வெல்லம் தீர்ந்தது. உலு திராமிலிருந்து லாரியில் வந்த சர்க்கரையும் தீர்ந்தது. பூசாரி அர்ச்சுனன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஆத்தாளுக்கு வெல்லம் சலிச்சுப் போச்சு லா. பிள்ளை எதை ஆசையா திங்குதோ அதை வைங்க” என்றார்.

வெள்ளையம்மா ஓடிப்போய் கடைவாசலைக் கூட்டி, ஒரு முறம் தூசி கொண்டுவந்தாள். வெல்லத்தை இறக்கிவிட்டு அதைக் கொட்டியதும் செல்லம் பூப்போல மேலே போனாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மனுக்கு அளந்தது வீணாகக் கூடாது என்று பூசாரி அந்தத் தூசியைத் திருநீற்றுத் தட்டில் சேர்த்தார். வெள்ளையம்மா அதை மகள் நெற்றியில் பூசி, வழக்கம்போல ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டாள்.

செல்லம் சப்புக்கொட்டினாள். “இன்னும் குடு, அம்மா” என்றாள்.

வெள்ளையம்மா சந்தோஷத்தில் அழுதுகொண்டே இன்னொரு சிட்டிகை போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பம்பு வாசலைக் கூட்டக் கோயிலே ஆள் வைத்தது.