சங்கு ஊதிய பிறகு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சி. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1969இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பற்றிக் கட்டுரை எழுத, போல்ட்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்குப் போயிருந்தேன். மாலைச் சங்கு ஊதியது. ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். முற்றத்தில் ஒருவன் மட்டும் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூடியிருந்த ஆபீஸ் கதவைப் பார்த்தபடி நின்றான். யாரென்று வாட்ச்மேன் பரந்தாமனிடம் கேட்டேன்.

"வேம்புலி சார். சங்கு ஊதினா பூடலாம்டான்னு ஆயிரம் தபா சொல்லிகீறேன். மொதலாளி வாயால 'போடா'ன்னு சொன்னாத்தான் நவுருவான்."

"முதலாளி இல்லாத அன்றைக்கு?"

"நின்னுகினே கீவான். ஒரு நாளு நானே அவரு மாதிரி தொண்டைய கனைச்சுகினு 'போடா டேய்'னேன். சிரிச்சிட்டான் சார். ஆனா போவல."

கம்பெனி நிற்கும் இடம் முன்பு ஒரு பண்ணையின் வயல். வேம்புலி அங்கே படியாளாக* இருந்தவன். நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆண்டை மெட்ராசுக்குக் குடிபோனார். வேம்புலி அதே மண்ணில் பெட்டி தூக்குகிறான்.

* படியாள்: படியால் அளந்த நெல்லைக் கூலியாக வாங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டவன். மாட்டைக் கட்டி, தொட்டியை நிரப்பி, எல்லாம் முடிந்தாலும் வாசலில் நிற்பான். ஆண்டை 'போடா' என்றால்தான் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. அடிக்குறிப்பின் பிற்பகுதி பரந்தாமன் சொன்னது.

2

அந்த நாட்களில் நான் இடைக்கால ஐரோப்பாவின் பண்ணையடிமைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் கதையை இப்படித் தொடங்கினேன்:

"பனி மூடிய காலையில் பிரபுவின் கோட்டை வாசலில் நின்ற குடியானவன், அடுப்பில் வேகும் ரொட்டியின் வாசனையை…"

[எந்தத் தானியத்து ரொட்டி? எனக்குத் தெரியாது. பனியையும் நான் பார்த்ததில்லை. இங்கேயே விடுகிறேன்.]

அந்தப் புத்தகங்களிலிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பண்ணையடிமையின் மகள் வேறு பண்ணையின் ஆளைக் கட்டிக்கொள்ளப் பிரபுவின் சம்மதம் வேண்டும். அவள் போனால் அவளுக்குப் பிறக்கப்போகும் கைகளும் போய்விடும் அல்லவா?

இதைப் படித்த இடத்தில்தான் வேம்புலிக்கு ஒரு பெண் வேண்டும் என்று தோன்றியது. நின்றுகொண்டிருந்தவனுக்குப் போக ஓரிடம் இல்லாமல் கதை ஏது?

3

கன்னியம்மா குத்தம்பாக்கத்தில் வேறொரு பண்ணையின் படியாள் மகள். அந்த நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அறுவடைக் காலத்தில் ஆண்டைகள் ஒருவருக்கொருவர் ஆள் இரவல் கொடுப்பார்கள். அப்படித்தான் வேம்புலி ஒரு தை மாதம் குத்தம்பாக்கம் போனான். அவள் கதிர்க்கட்டை அவன் தலையில் தூக்கி வைப்பாள். வைத்ததும் தாள்கள் சரிந்து அவன் கண்ணை மூடிக்கொள்ளும். அவ்வளவு பக்கத்தில் நின்றும் அவள் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

"இன்னாய்யா, தல உள்ள கீதா?"

"கீது. இன்னும் ஒரு கட்டு வச்சா இருக்காது."

"பத்திரமா எத்துனு போ. ஒன் ஆண்டைக்கு தலையில்லாத ஆள திருப்பி அனுப்ப முடியாது."

கம்பெனியில் வேம்புலி பெட்டியைத் தானே தூக்கிக்கொள்கிறான். ஆனால் சும்மாட்டைத் தலையில் வைத்த பிறகு ஒரு நொடி குனிந்தபடியே இருப்பான். யாரும் தூக்கி வைக்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு நொடி.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குத்தம்பாக்கம் போகிறான். அவள் களை பறித்துக்கொண்டிருக்கிறாள். வரப்பில் உட்கார்ந்து சொல்கிறான்:

"எங்க ஆண்டை பூட்டாரு. என்னை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

"ஒன்ன கேக்க மாட்டாங்க. என்னை?" அவள் நிமிரவில்லை. "எங்கப்பன் எங்க ஆண்டைகிட்ட போயி நின்னுச்சு. நம்ம பண்ணையில வெளிய பொண்ணு குடுக்கற வழக்கமில்லன்னு சொல்லிட்டாரு."

"அப்ப இன்னா பண்றது?"

"சனிக்கெழம வெத்தல வாங்க என்னைத்தான் பூந்தமல்லிக்கு அனுப்புவாங்க. கடைசி பஸ்ஸுக்குள்ள நீ வந்துட்டா நான் திரும்ப மாட்டேன். வரலன்னா வெத்தலைய எத்துனு பூடுவேன். ஆனா ஒண்ணு. இன்னொரு தபா வந்து இந்த வரப்புல குந்தாத."

5

சனிக்கிழமை. சங்கு ஊதியது. முதலாளி ஊரில் இல்லை. வேம்புலி துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். அயனம்பாக்கம், திருவேற்காடு, சென்னீர்குப்பம் என்று ஓட்டமும் நடையுமாகப் போனால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இப்போதே கிளம்பினால்.

இதுவரை எழுதியதை என்னோடு வேலை பார்க்கும் சுசீலாவிடம் காட்டினேன்.

"நம்பவே முடியலையே. ஆசைப்பட்ட பொண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்கா. இவன் ஒரு கேட்டைத் தாண்ட மாட்டானா?"

"நம்ப முடியாத அந்த இடம் மட்டும்தான் நான் பார்த்தது" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. நானும்தான். வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. அவன் கிளம்பிப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். [இது விளக்கம். கதை இல்லை.]

கன்னியம்மாவையும் முதலில் தவறாகத்தான் எழுதினேன்:

"அவளுடைய ஏக்கம் நிறைந்த விழிகள் சாலையை நோக்கி…"

அவள் சாலையைப் பார்ப்பவள் இல்லை. வெற்றிலைக் கட்டைச் சுற்றிய ஈரத்துணி காய்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். குழாயில் பிடித்துத் தண்ணீர் தெளிக்கிறாள்.

"இன்னாம்மா, ஏர்றியா இல்லியா?" என்கிறார் கண்டக்டர்.

"இருய்யா. ஒன் டிரைவரே இன்னும் டீ குடிச்சி முடிக்கல."

மறுபடியும் துணியைத் தொடுகிறாள். அது ஈரமாகத்தான் இருக்கிறது.

6

முதல் முடிவு. முதலாளியின் கார் எதிர்பாராமல் திரும்பி வருகிறது. "ஏன்டா நிக்கிற? போடா." வேம்புலி ஓடுகிறான், பிடித்தும் விடுகிறான். ஆண்டையின் வெற்றிலையைப் பஸ் ஸ்டாண்டிலேயே இருவரும் மென்று துப்புகிறார்கள். எழுதி முடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் அடித்துவிட்டேன். உத்தரவு வாங்கிக்கொண்டு காதலிக்கப் போனவன், நாளைக்கு அவள் வாசலிலும் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்பான்.

இரண்டாவது முடிவு. பஸ்ஸை விட்டுவிட்டுக் கன்னியம்மாவே அம்பத்தூர் வருகிறாள். கேட்டில் நின்று, "இன்னாய்யா, தல உள்ள கீதா?" என்கிறாள். இதை அடிக்க மனம் வரவில்லை. ஆனால் தன் எல்லையை அவள் ஏற்கெனவே தாண்டிவிட்டாள். அவன் எல்லையையும் அவளே வந்து தாண்டவேண்டும் என்பது என்ன நியாயம்?

மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. அது தானாக வந்தது. முற்றத்தில் நிற்கும் வேம்புலி, ஆபீஸ் கதவிலிருந்து பார்வையை எடுத்து, என் பக்கம் திரும்பினான்.

"சார், போவட்டா?"

7

அந்தச் சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. எழுதினால் போதும், ஓடுவான். அவன் ஓடவேண்டும் என்று என்னைவிட யார் விரும்பப் போகிறார்கள்? ஆனால் இத்தனை பக்கமாக அவனை நிற்கவைத்திருப்பவன் யார்? குத்தம்பாக்கத்து ஆண்டையாக அவள் சம்பந்தத்தை மறுத்ததும், முதலாளியை ஊருக்கு அனுப்பியதும், பஸ்ஸைக் கடைசி பஸ்ஸாக்கியதும் நான்தான். ஆண்டை மெட்ராசுக்குத்தான் குடிபோனார் என்று எழுதினேன். எந்தத் தெரு என்று எழுதவில்லை. நான் குடியிருப்பதும் மெட்ராசில்தான்.

அதனால் அவனுக்கு நான் பதில் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும் என் நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. நீங்கள் போய் அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கும் அந்தச் சொல் நாக்கு நுனியில் நிற்கும். தெரியும்.

கேட் திறந்திருக்கிறது. பரந்தாமன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பூந்தமல்லியில் டிரைவரின் கிளாசில் இன்னும் ஒரு வாய் டீ மிச்சம் இருக்கிறது. அதை அவர் குடித்ததாக நான் எழுதப்போவதில்லை.