உள்ளேரிப் பலகை

அந்தத் தீவில் ஏரிகள் மூன்று. கடலை ஒட்டி வெளியேரி, வீடுகளை ஒட்டி நடுவேரி, கோரைக்காட்டைத் தாண்டினால் உள்ளேரி. புயலன்று கடல் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு வெளியேரிக்குள் வந்தது. அங்கிருந்து நடுவேரிக்கும் வந்து, கிணறுகளையும் விட்டுவைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படகுக்காரி மட்டும் அசையவில்லை. பறவை பார்க்க வருகிறவர்களை ஏரி ஏரியாகச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவள். வேறு எங்கே போய் என்னத்தைக் காட்டுவாள்?

பிடித்து வைத்த மழைத்தண்ணீர் டிரம்மின் அடிக்கு வந்துவிட்டது. பாதையில் தேங்கிய வெள்ளமும் ஒருவழியாக வடிந்திருந்தது.

"உள்ளேரித் தண்ணி நல்லாருந்தா இருப்போம். இல்லேன்னா கிளம்பிடணும். எங்கக்கா ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்காங்க," என்றான் கணவன்.

"ஒரு ரூம்ல எருமைய எங்க கட்டுவீங்க, கட்டில் கால்லயா?" என்று கேட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பியோடு கிளம்பினாள்.

தம்பிதான் படகு மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவன். மோட்டார் நின்றாலும் அவன் வாய் நிற்காது.

நடுவேரிக் கரையோரம் சேறு காலைப் பிடித்து இழுத்தது. கோரையெல்லாம் கருகிச் சாய்ந்திருந்தது. ஒரு நீர்க்கோழிகூடச் சத்தம் காட்டவில்லை. போகிற வழியெல்லாம் அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கு உன் சோத்துக்கு உப்பே போட வேணாம்க்கா."

"வாய மூடிட்டு வாடா. உள்ளேரிக்குப் பலகை இருக்கு. அதத் தாண்டி ஒரு சொட்டு போயிருக்காது."

"அதச் சொல்லு. நாம வச்ச பலகையாச்சே."

நடுவேரிக்கும் உள்ளேரிக்கும் நடுவே ஒரு மண்கரை உண்டு. பறவை பார்க்க வந்தவர்கள் சேற்றில் இறங்கி நடக்க முகம் சுளித்தார்கள் என்று, போன வருஷம் அக்காவும் தம்பியும்தான் படகு போகிற அகலத்துக்கு அதை வெட்டி, வெட்டிய வாயைப் பலகை செருகி அடைத்தார்கள். படகு வந்தால் பலகைகளை உருவ வேண்டும். போனதும் திரும்பச் செருகிவிட வேண்டும். துடுப்பு அவள் கையில், பலகை அவன் கையில். புயல் வந்தபோதும், வெளியேரியில் விட்டால் படகு விறகாகிவிடும் என்று, அந்த வழியாகத்தான் உள்ளே கொண்டுவந்து கட்டினார்கள்.

கோரை விலகியதும் முதலில் படகுதான் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

"பாரு, மாமியார் வீட்ல ஒக்காந்த மாப்பிள்ளை மாதிரி," என்று சிரித்தான் தம்பி.

அவள் படகைப் பார்க்கவில்லை. பலகைகள் கரைமேல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி கிடந்தன. வெட்டிய வாய் பே என்று திறந்திருந்தது.

"என்னடா இது?"

தம்பி பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

"பலகை போடறது நீதானடா."

"எப்பவும் நான்தான். அன்னிக்கு மோட்டார் நின்னுபோச்சு, நான் அதோட மல்லுக்கட்டிட்டு மேல இருந்தேன். நீதானக்கா எறங்கி எடுத்த. எடுத்தவ நீயே போட்டிருப்பன்னு நெனச்சேன்..."

அவள் இறங்கி விரலை நனைத்தாள். நம்பாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கை நிறைய அள்ளிக் குடித்தாள். தொண்டை எரிந்தது. அல்லி இலைகள் கறுத்துச் சுருண்டிருந்தன. செத்த மீன்கள் அவள் புடவையில் வந்து ஒட்டின.

தம்பி ஒரு பலகையைத் தூக்கிச் செருகப் போனான்.

"விடுடா. இப்போ போட்டா உப்பத்தான் உள்ள வச்சுப் பூட்டுவோம்."

அவன் பலகையைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றான். கரையில் குடத்தோடு வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. கரையேறி ஈரக்கையோடு எடுத்தாள்.

"என்ன, நல்லாருக்கா?" என்றான் கணவன்.

"படகு நல்லாருக்கு."

"தண்ணியக் கேட்டேன்."

அவள் காலிக் குடத்தைத் தூக்கிப் படகுக்குள் போட்டாள்.

"சாமானக் கட்டி வைங்க. எருமைய யாராச்சும் வாங்கிப்பாங்களான்னு கேளுங்க."

புயலன்று மக்கர் செய்த மோட்டார் இன்று ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. காலிக் குடம் படகுக்குள் உருள, திறந்து கிடந்த வாய் வழியே அவர்கள் தடையில்லாமல் வெளியே வந்தார்கள்.